கட்டைப்பைக்குள்ள வெங்கலப் பானை

இங்கன ஆள் இல்லைல்லா தாயி? அப்போ கொஞ்சம் நகந்துக்கோங்க. இல்ல, இல்ல, நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க, சன்னல் பக்கம் நான் இருந்துக்கிடுதேன். ஒண்ணும் நினைக்காதிய. வேடிக்கை பாக்க இல்ல. பின்னால ஒரு மோட்டார் பைக் வருதான்னு பாக்கணும். பழைய பைக்கு, பச்சைக் கலரு. ஓட்டுறவரு வெள்ளை வேட்டி, கண்ணாடி போட்டவரு, தலையில துண்டு கட்டிருப்பாரு. உங்க கண்ணுல பட்டாலும் சொல்லுங்க.

பை மடியிலயே இருக்கட்டும். கனந்தான். தொடை ரெண்டும் மரத்துப் போச்சு. இருந்தாலும் கீழ வைக்க மாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வாரேன், அதான் பட்டுச்சேலையும் கட்டைப்பையுமா இருக்கேன். மேல இருக்கது தேங்காயும் வெத்தலையும். அடியில இருக்கது என்னன்னு பொறவு சொல்லுதேன். நீங்க எங்க இறங்குதிய?

புளியம்பாறை விலக்கா?

ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். பிறந்த ஊரா, வாக்கப்பட்ட ஊரா? சரி சரி. அங்க எனக்கு யாரும் இல்ல. ஒரு தங்கச்சி இருக்கா.

நான் தென்காசிக்குப் போறேன். எங்க அண்ணன் காசிவிசுவநாதன் வீட்டுக்கு. புதுசா வீடு கட்டிருக்காவ, மாடியும் கீழயுமா. அந்த வீட்டு நடு ஹால்ல, எங்க மதினி முன்னால, இந்தப் பையை அப்படியே கவுத்தப் போறேன். இது என்னன்னு கேக்கப் போறேன். அவ முகம் என்ன ஆகுதுன்னு பாக்கணும். அதைப் பாக்காம இன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. சோறா? சோறு எங்க தின்னேன்! பந்தியில இலை போட்டு உக்காரவே இல்லையே. எல்லாம் அந்தப் பந்தியால வந்த வினைதான்.

ஆலங்கிணத்துல எங்க வீட்டுக்காரர் வகையில ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணுபோலச் சாப்பாட்டுக்கு ஓடுனாவ. எனக்கு முட்டு வலி, ஓட முடியுமா? முதப் பந்தியில எடம் கிடைக்கல. ரெண்டாம் பந்திக்கும் சேருக்குப் பின்னால ஆளு நிக்கி. மண்டபத்துல வேக்காடு தாங்கல. அப்போ ஒருத்தி சொன்னா, "பக்கத்துல மியூசியம் இருக்குல்லா, அங்க போயி ஃபேனுக்கு அடியில இரு, ஒரு சனம் வராது"ன்னு. சரின்னு போனேன். பையையும் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். பொண்ணு மாப்பிள்ளைக்குக் குடுக்க ஒரு எவர்சில்வர் பானை வாங்கி வச்சிருந்தேன், கூட்டத்துல மேடை ஏற முடியல, அதுவும் பையிலயே கிடந்தது.

பழைய பருத்திக் கிட்டங்கிதான் மியூசியம். ஊர்ல ரிட்டையர் ஆன நாலஞ்சு பேரு சேந்து நடத்துதாவளாம். சம்பளம் கிடையாது, டிக்கெட் கிடையாது. உள்ள என்ன இருக்குங்கிய? உரலு, தண்ணி இறைச்ச கமலைச் சாலு, ஓலைப் பெட்டி, பாட்டரி போட்ட ரேடியோ. நம்ம வீட்ல இடத்தை அடைக்குன்னு தூக்கிப் போட்டதை எல்லாம் அங்கன வரிசையா அடுக்கி, முன்னால கயிறு கட்டி வச்சிருக்காவ. 

திரவியம் சார்னு ஒருத்தரு. தபாலாபீசுல இருந்து ரிட்டையர் ஆனவராம். அந்தப் பச்சை பைக்குக்காரரு அவருதான். பாவம், யாராவது வர மாட்டாவளான்னு வாசலைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாரு போல. என்னைக் கண்டதும் எந்திரிச்சு வந்துட்டாரு. "வாங்கம்மா, வாங்கம்மா, இதுதான் நம்ம ஆலங்கிணத்து வரலாற்றுக் கூடம்"ங்காரு. நான் ஃபேனுக்கு வந்தேன்னு எப்படிச் சொல்ல? ஆமா சார், பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிட்டேன். சும்மா விடுவாரா? ஒவ்வொண்ணா நிப்பாட்டி விளக்கம் சொல்லுதாரு. 

அதுல ஒரு கூத்து பாத்துக்கோங்க. எல்லாச் சாமான்லயும் பேரு! குடுத்தவுக பேரை ஒரு இடம் விடாம எழுதி வச்சிருக்காவ. ரேடியோல பெயிண்டு. உரல்ல பெயிண்டு. மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த தாழி, செத்தவுகளை உள்ள வச்சுப் புதைச்ச தாழி, அதுமேல 'உபயம்: பால்துரை மெடிக்கல்ஸ்'னு போன் நம்பரோட எழுதிருக்கு. ஏன் சார் இப்படின்னு கேட்டேன். "காகிதம் ஒட்டிப் பாத்தோம்மா, கரப்பான் தின்னுருது. குடுத்தவிய வந்து பாத்துட்டு பேரைக் காணோம்னு சண்டைக்கு வாராவ. அதான் பித்தளை, வெங்கலத்துக்கு எல்லாம் பேரு வெட்டுற மிசினே வாங்கிட்டோம்"னு சிரிக்காரு. கோயில்ல ட்யூப்லைட்டுல எழுதி வெளிச்சமே தெரியாமப் பண்ணிருவாவல்லா, அந்த மாதிரிதான்.

பைக்கா? எங்க? இல்ல, அது பால்காரன்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆமா, கடைசியில ஒரு மூலை. அடுப்பங்கரை மாதிரி செட்டு பண்ணிருக்காவ. மூணு கல்லு, உள்ள செவப்பு பல்பு, தீ எரியுதாம். அதுமேல ஒரு வெங்கலப் பானை. 

தாயி, நான் அப்படியே நின்னுட்டேன். புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருக்காவ, பளபளன்னு இருக்கு. ஆனா எனக்குத் தெரியாதா? எங்கம்மை பேச்சியம்மை பொங்கின பானை அது. பொங்கலுக்குப் பொங்கல் அதுலதான் பொங்குவா, வேற நாள்ல தொட விடமாட்டா. வாய்க்குக் கீழ ஒரு நெளிசல் உண்டு. சின்னப்பிள்ளையில நான் கிணத்தடியில கழுவப் போயி கல்லுல போட்டுட்டேன். ஆவுடைதான் போட்டான்னு அம்மைகிட்ட சொன்னேன். அவளுக்கு விளக்குமாத்தடி விழுந்துச்சு. சின்னப்பிள்ளையில எல்லாரும் செய்றதுதானே? ஆவுடை யாருன்னா கேக்கிய? அதான் தங்கச்சி. இப்பச் சொன்னேன்லா, புளியம்பாறையில இருக்கான்னு.

அந்த நெளிசலைத் தடவிப் பாத்தேன். அதேதான். பானைக்குத் தோள் மாதிரி இருக்குமே, அங்க புதுசாப் புள்ளி புள்ளியா வெட்டிருக்கு. கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சேன். 'உபயம்: திருமதி பார்வதி காசிவிசுவநாதன், தென்காசி.'

எங்க மதினி பேரு தாயி! எங்க மதினி பேரு!

மெதுவாப் பேசுதேன், மெதுவாப் பேசுதேன். கண்டக்டர் திரும்பிப் பாக்காரு. நீங்களே சொல்லுங்க, எப்படி இருக்கும் எனக்கு? அந்தப் பானை இத்தனை வருசமா யாருகிட்ட இருக்குன்னு நான் நினைச்சிருந்தேன் தெரியுமா? ஆவுடைகிட்ட. அவதான் எடுத்துட்டுப் போனான்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணிருப்பேன். பண்ணியும் இருக்கேன்.

எங்கம்மை செத்துப் பதினாறாம் நாள் விசேசம். அன்னைக்குத்தான் அம்மை சாமானை எல்லாம் பங்கு வச்சோம். பானையைக் காணோம். மூத்த மக நான், எனக்குத்தானே அது வரணும்? வீடு பூராத் தேடுதேன். அப்போ இந்த ஆவுடை ஒரு சாக்கை இடுப்புல இடுக்கிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம பஸ்ஸுக்குப் போறா. சாக்கு உருண்டையா இருக்கு. யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வருமா வராதா? அவளுக்குத் தலைப்பொங்கலுக்குப் பானை குடுக்கல வேற. எனக்குக் குடுத்தாவ, புதுப்பானை, பொங்கப்படிச் சீரோட வண்டியில வந்து இறங்குச்சு. அவ கல்யாணத்தப்போ அய்யா படுத்த படுக்கை, ஒண்ணும் செய்ய முடியல. அந்த ஏக்கம் இருக்கும்லா அவளுக்கு? அதான் எடுத்துட்டான்னு நினைச்சேன்.

பின்னாலயே ஓடுனேன். பஸ் நிக்கிற இடத்துல மறிச்சேன். ஊரே நிக்கி. "ஏளா, சாக்கை அவுத்துக் காட்டு"ன்னேன். அவ புருசன் நிக்கான், மாமியா நிக்கா. அவ என்னைப் பாத்தா பாருங்க. "அக்கா, நீ கேட்ட பொறவு நான் அவுக்க மாட்டேன். அவுத்தா நான் களவாணி இல்லைன்னு ஆயிரும். ஆனா நீ கேட்டது கேட்டதுதானே?"ன்னா. எப்படிப் பேச்சு பாத்தியளா? மடியில ஒண்ணும் இல்லாதவ அப்படிப் பேசுவாளா? அவுத்து உதறிட்டுப் போக வேண்டியதுதானே? பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டா. அதோட சரி. பிறந்த வீட்டு வாசலை அவ மிதிக்கல.

நான் சும்மா இருக்கல. ஏன் இருக்கணும்? பாத்தவுககிட்ட எல்லாம் சொன்னேன். ஒரு காதுகுத்துல அவ மாமியாகிட்டயே நேருக்கு நேரா கேட்டேன், உங்க வீட்ல எங்க பானையில பொங்குத பொங்கல் எப்படி ருசிக்குன்னு. பொறவு அங்க அவளுக்குப் பேரே பானைக்காரின்னு ஆயிருச்சாம். உங்க ஊருதானே, நீங்க கேட்டிருப்பிய. பானைக்காரின்னா யாருன்னு தெரியும்லா?

தெரியுமா! 

அவதான். அவதான் எங்க ஆவுடை. நல்ல மாதிரியா? ஆமாமா, எல்லார்கிட்டயும் நல்ல மாதிரிதான் அவ. சின்னதுல இருந்தே அப்படித்தான். 

இன்னொண்ணு கேளுங்க. பொங்கல் அன்னைக்கு அவ வாசல்ல அலுமினியச் சட்டியில பொங்குதான்னு எனக்கு ஆள் வந்து சொன்னாவ. வருசா வருசம் அலுமினியச் சட்டி. பாத்தியளா நடிப்பை, வெங்கலப் பானையை உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு ஊருக்குச் சட்டியைக் காட்டுதாளேன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாவ? நீங்களே இருந்தாலும் அப்படித்தானே நினைச்சிருப்பிய? 

என்ன, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டிய.

அவ புருசன் செத்ததுக்குக்கூட நான் போனேன் தாயி. தெருமுக்கு வரைக்கும் போனேன். அங்கன நின்னு அழுகைச் சத்தத்தைக் கேட்டுட்டுத் திரும்பிட்டேன். போனதாக் கணக்குதானே அது?

இதுல எங்க மதினி இருக்காளே, அவ என்ன செஞ்சா தெரியுமா? நான் அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்துதேன், என் கையைப் பிடிச்சு இழுத்தா. "விடு உலகு, போனது போகட்டும், கூடப்பிறந்தவதானே கொண்டு போறா"ன்னா. என்ன தங்கமான மனசுன்னு நினைச்சேன். பானையை அவ வீட்டுப் பரண்ல ஏத்தி வச்சுட்டுல்லா வந்து என் கையைப் பிடிச்சிருக்கா! வருசா வருசம் எனக்குக் கரும்பும் மஞ்சக்கொத்தும் அனுப்பி வைப்பா. நானும் வாங்கித் தின்னேன். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

ஒரு நிமிசம். பின்னால ஏதோ ஹாரன் அடிக்கான். லாரியா? லாரிதானே? சரி.

திரவியம் சார்கிட்ட கேட்டேன், இந்தப் பானை எப்படி வந்துச்சுன்னு. "தென்காசியில புது வீடு கட்டுனாவ, அதுல பரண் இல்லையாம், பழைய சாமான் எல்லாம் அள்ளிக் குடுத்துட்டாவ, பெருந்தன்மையான குடும்பம்"ங்காரு. பெருந்தன்மை! அதோட விட்டாரா? "இங்க பாருங்கம்மா, கழுத்துல ஒரு பழைய எழுத்து இருக்கு. அழுக்குல தெரியாம இருந்துச்சு, நாங்கதான் தேய்ச்சு எடுத்தோம். ஆவுடைன்னு போட்டிருக்கு. அந்தம்மாகிட்டக் கேட்டோம், அவிய மாமியாரு பேராம்"னாரு.

எங்கம்மை பேரு பேச்சியம்மைன்னு சொன்னேன்லா. மாமியா பேரையே மாத்திட்டா பாருங்க! நான் சட்டுனு சொல்லிட்டேன், "சார், அவ மாமியா பேரு ஆவுடை இல்ல, பேச்சியம்மை. எங்கம்மைதான்"னு. அவரு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு என்னையே பாக்காரு. "அப்படியா? அப்போ ஆவுடைங்கிறது யாரும்மா?"ன்னு கேட்டாரு.

தெரியாதுன்னுட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதிய. வாயில வரல. அந்த எழுத்தைப் பாக்கப் பாக்க எனக்கு என்னமோ ஆகுது. அம்மை சாகிறதுக்கு முந்தின ஆடித்தவசுக்கு அந்தப் பானையைத் தூக்கிக்கிட்டு சங்கரங்கோயிலுக்குப் போனா. எதுக்கு இதைச் சுமந்துக்கிட்டுப் போறேன்னு கேட்டேன். மெருகு போடன்னா. அங்க திருவிழாவுல பேரு வெட்டுறவன் உக்காந்திருப்பான்லா. அவன்கிட்ட குடுத்து சின்னவ பேரை வெட்டிட்டு வந்திருக்கா. வார பொங்கலுக்கு அவளுக்குக் குடுக்கணும்னு நினைச்சிருப்பா. பொங்கலுக்கு முன்னாலயே கண்ணை மூடிட்டா. 

எனக்குக் குடுத்தது கடைப்பானை தாயி. புதுசு, பெருசு, எல்லாம் சரிதான். அம்மை கைபட்ட பானையை அவளுக்குன்னு வச்சிருந்திருக்கா. அந்தப் பானையில யார் யார் பேரெல்லாமோ இருக்கு. எடுத்த மதினி பேரு இருக்கு, தங்கச்சி பேரு இருக்கு. என் பேரு எங்கயும் இல்ல. மூத்தவ நான். எனக்கு எப்படி இருக்கும்?

சரி, கேளுங்க. திரவியம் சாருக்கு ஒரே சந்தோசம். "நீங்க அந்தக் குடும்பத்து ஆளா! இருங்கம்மா, இருங்க, மெடிக்கல்ஸ் பால்துரை பந்தியில இருக்காரு, கூட்டிட்டு வாரேன், நீங்க சொல்றதை எல்லாம் எழுதி வச்சிருவோம்"னு செருப்பைக்கூட மாட்டாம ஓடுனாரு. என்னைத் தனியா விட்டுட்டு, கதவைத் திறந்து போட்டுட்டு.

அதான். வேற என்ன சொல்ல. பைக்குள்ள இருக்கது அதுதான். 

அய்யோ, சத்தம் போடாதிய. களவு இல்ல இது. வெறுங்கையோட எடுத்துட்டு வந்தாத்தான் களவு. நான் ஒண்ணை வச்சிட்டுல்லா எடுத்தேன்? கல்யாணத்துக்கு வாங்கின எவர்சில்வர் பானையை, அந்தச் செவப்பு பல்புக்கு மேல, அதே கல்லுல வச்சேன். அதுவும் புதுசு, கனமான சரக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு. அதுல நல்லாப் பெரிய எழுத்துல பேரெல்லாம் வெட்டி...

ஐயய்யோ.

இல்ல தாயி, இப்பத்தான் நினைப்பு வருது. அதுல 'அன்புடன், உலகம்மாள் சுப்பையா, சாலைக்குளம்'னு வெட்டிருக்கு. என் பேரும் ஊரும் சேத்து! அந்த மனுசன் போயி அந்தப் பானையை எடுத்துப் பாத்தாருன்னா? நானே எழுதிக் குடுத்துட்டு வந்த மாதிரில்லா ஆச்சு? எங்கயும் என் பேரு இல்லைன்னு இப்பத்தான் சொன்னேன், வாய் மூடல. 

போன் அடிக்கா? என் பையிலயா? கொஞ்சம் எடுங்க, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது. யாருன்னு போட்டிருக்கு? அண்ணனா? பேசாமக் கிடக்கட்டும். அடிச்சு ஓயட்டும். அண்ணனுக்கு இந்நேரம் யாரு சொல்லிருப்பா? குடுத்தவுகளுக்குத்தானே முதல்ல போன் போட்டிருப்பாவ. மறுபடி அடிக்கு. குடுங்க, பேசிருதேன். நான் என்ன பயந்தவளா?

ஆங், சொல்லு. ஆமா, நான்தான். ஆமா, எடுத்துட்டுத்தான் வாரேன். உன் வீட்டுக்குத்தான் வாரேன். அந்தப் பானை உன் வீட்டுப் பரணுக்கு எப்படிண்ணே வந்துச்சு? முதல்ல அதைச் சொல்லு. மானமா? யாரு மானம்? மதினிகிட்டப் போனைக் குடு. ஏன், இப்ப வாய் இல்லையா அவளுக்கு? ...என்ன? என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு. அண்ணே? அண்ணே?

வச்சுட்டான்.

என்ன சொல்லுதான் தெரியுமா தாயி? அம்மை கடைசி நேரத்துல அவன் கையிலதான் குடுத்தாளாம், ஆவுடைகிட்டச் சேத்துருன்னு. மதினி ஆசைப்பட்டுப் பரண்ல ஏத்திட்டாளாம். விசேசம் முடியவும் எடுத்துக் குடுத்துரணும்னுதான் அவன் நினைச்சிருந்தானாம். அதுக்குள்ள நான் நடுரோட்டுல நின்னு கத்திட்டேனாம். ஊருக்கு முன்னால அவளைக் களவாணின்னு சொன்ன பொறவு பானை எங்க வீட்ல இருக்குன்னு எப்படி உலகு சொல்லுவேன், நீதானே என் வாயை அடைச்சேங்கான். 

எப்படி இருக்கு பாருங்க. வச்சிருந்தது அவன். ஒளிச்சது அவ. கடைசியில நான்! 

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு மடக்கு குடுங்க. 

அந்தச் சாக்குல என்ன இருந்துச்சுன்னு இப்ப யோசிக்கேன். உருண்டையா இருந்துச்சு. நீங்க அவகூடப் பழகுறவியதானே, சொல்லிருக்காளா? சாக்கைப் பத்திச் சொன்னதில்ல, சேலையைப் பத்தித்தான் சொல்லிருக்காளா? அம்மை பழைய சேலையா? அதை வச்சுத் தச்ச போர்வையத்தான் இன்னமும் மூடிக்கிட்டுக் கிடக்காளா? அது எங்கம்மை சேலைன்னு அவ உங்ககிட்டச் சொன்னாளா?

அன்னைக்கே சாக்கை அவுத்துக் காட்டிருக்கலாம்லா தாயி அவ? ஒரு நிமிசம் அவுத்துக் காட்டிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா?

பைக்கு! அந்தா, அந்தா பைக்கு! பச்சைதானே? பஸ்ஸைத் தாண்டிப் போறாரு. கையைக் காட்டுதாரு. டிரைவர் நிப்பாட்டாதிய, நிப்பாட்டாதிய! விலக்கு வந்துருச்சா? எல்லாரும் ஏன் எந்திரிச்சு நிக்கிய? உக்காருங்க, உங்க சோலியப் பாருங்க. 

ஏறிட்டாரு. நீங்க எந்திரிக்காதிய தாயி, கொஞ்சம் என் பக்கத்துல இருங்க. கையில என்ன வச்சிருக்காரு? என் பானை. எவர்சில்வர் பானை. என் பேரு இந்தா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக்கிட்டு வாராரு.

சார், என்ன சார்? ஆமா, அது என்னுதுதான். மறந்து வச்சுட்டு வந்துட்டேன்னு நினைச்சியளா? சிரிக்காதிய சார். குடுங்க இங்க. ஆமா, உலகம்மாள் நான்தான். 

கண்டக்டர் தம்பி, நீ எதுக்கு இடையில வார? பையைத் திறந்து காட்டணுமா? எல்லார் முன்னாலயும்? நான் எதுக்குத் திறக்கணும்? நீ என்ன போலீசா? ஆச்சி பூச்சிங்கிற மரியாதை எல்லாம் எனக்கு வேண்டாம். மாட்டேன். நீ கேட்ட பொறவு நான் திறக்க மாட்டேன். 

ஏன் தாயி என்னை அப்படிப் பாக்கிய?

...

கையை விடுங்க தாயி. அழல. தூசி.

சார், இங்க வாங்க. நீங்க நல்ல மனுசன், என்னைத் தனியா நம்பி விட்டுட்டுப் போனிய. உங்களுக்கு நான் ஒண்ணு சொல்லணும். ஆவுடை யாருன்னு கேட்டியல்லா, தெரியாதுன்னு சொன்னேன். அது பொய். ஆவுடை என் தங்கச்சி. இந்தா, இந்த விலக்குல இறங்கினா அவ ஊரு. பானை அவளுது, பேரு போட்டிருக்கு, நீங்கதானே தேய்ச்சு எடுத்திய. உங்க மியூசியத்துக்கு வேணும்னா அவகிட்டக் கேளுங்க. அவ குடுத்தா கொண்டு போங்க. மேல மேல பேரு வெட்டாதிய, இன்னும் ஒரு பேருக்கு அதுல இடம் இல்ல.

தம்பி, தென்காசி டிக்கெட்டுதான் எடுத்தேன், இருக்கட்டும். நான் இங்கயே இறங்குதேன். நீ பையைப் பாக்கணும்னா வா, எல்லாரும் வாங்க. அவ வாசல்ல வச்சுத்தான் திறப்பேன், அதுவும் அவ திறக்கச் சொன்னாத்தான்.

பாத்து, பாத்து, படி உசரமா இருக்கு. சார், நீங்க இந்த எவர்சில்வரைப் பிடிங்க. பையை யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். 

தாயி, நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிராதிய. ஒரு எட்டு என்கூட வாரியளா? மன்னிப்புக் கேட்டு நிக்கப் போறேன்னு நினைக்காதிய. பானையை வச்சிட்டு வந்துருவேன். அவ கதவைச் சாத்துனாலும் சரி, ஏசுனாலும் சரி. கொஞ்சம் முன்னால நடங்க. 

அவ வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது.